ஏழடி அகலமும் ஒரு லட்சம் லிட்டரும்

இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் கோடைதோறும் ஊர்ந்து செல்லும் 'நேரோபோட்' என்னும் படகு, 70 அடி நீளம் வரை கட்டப்படுவதாக இருந்தும், அகலத்தில் 7 அடிக்குச் சற்றுக் குறைவாகவே நின்றுவிடுகிறது. மணிக்கு 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர் என்பதே அதற்கு விதிக்கப்பட்ட வேக வரம்பாகையால், கரையோரம் விரைந்து நடப்பவர் அதை ஓட்டுபவருடன் பேசிக்கொண்டே போகலாம். விடுமுறைப் பயணிகள் இந்த ஒடுக்கத்தையும் மெத்தனத்தையும் பழமையின் அழகாகவே எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் படகின் அகலம் நேரடியாகவும், அதன் வேகம் சுற்றுவழியாகவும், மேட்டு நிலத்தில் தண்ணீர் கிடைப்பதன் அருமையோடு கட்டுண்டவை என்பது, அந்தக் கால்வாய்களின் நீர்க்கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு விளங்கும்.

அக்கணக்கை விளக்குவதற்கு 'தேம்ஸ் வளையம்' என்று படகோட்டிகள் அழைக்கும் சுற்றுவழி பொருத்தமான எடுத்துக்காட்டு. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அந்நகரின் பெயரைக் கொண்ட கால்வாய் வழியே வடக்கே ஏறி, பிரான்ஸ்டன் என்னும் சிற்றூரில் கிராண்ட் யூனியன் கால்வாய்க்குத் திரும்பி, அது வழியே தென்கிழக்காக லண்டனின் பிரென்ட்ஃபோர்டுக்கு இறங்கி, தேம்ஸ் ஆற்றில் புகுந்து, மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்துசேரும் இவ்வழி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமும் சுமார் 175 நீர்ப்பூட்டுகளும் கொண்டது. வரைபடத்தில் இது ஒரு வட்டமாகத் தோன்றினாலும், பக்கவாட்டில் நோக்கினால் மூன்று முகடுகளைக் கொண்ட மலையேற்றமாகவே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் உச்சி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 115 மீட்டர் மேலேயும், சில்டர்ன் குன்றுகளைக் கடக்கும் டிரிங் உச்சி ஏறத்தாழ 120 மீட்டர் மேலேயும் அமைந்திருக்க, இவ்விரண்டுக்கும் நடுவே பிரான்ஸ்டன் உச்சி கிடக்கிறது. ஆறு தன் நீரை மேட்டிலிருந்து தானே கொண்டுவருகிறது. நீர்பிரி மேட்டைக் கடந்து செல்லும் கால்வாய்க்கோ அந்த வசதி இல்லை. இரு பக்கமும் சரிந்திறங்கும் வழியின் முகட்டில், இரண்டு பக்கமும் வடிந்துகொண்டேயிருக்கும் ஒரு நீர்ப்பரப்பை ஆண்டு முழுவதும் நிரப்பி வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படைச் சிக்கல்.

வடிவது எவ்வளவு என்பதை நீர்ப்பூட்டின் இயக்கமே தீர்மானிக்கிறது. வெவ்வேறு உயரத்திலுள்ள இரண்டு மட்டமான நீர்த்தளங்களுக்கு இடையே, செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய ஒரு தொட்டியை அமைத்து, அதன் இரு முனைகளிலும் கதவுகளைப் பொருத்தினால் அது நீர்ப்பூட்டாகிறது. படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடி, மதகைத் திறந்து நீரை உள்ளே விட்டாலோ வெளியே விட்டாலோ, படகு நீர்மட்டத்தோடு உயர்ந்தோ தாழ்ந்தோ அடுத்த தளத்தை அடைகிறது. கீழ்க்கதவு பெரும்பாலும் இரண்டு இலைகளாக, மேல்நீரை நோக்கிக் கூர்முனை நீட்டியவாறு சந்திக்கும்படி அமைக்கப்படும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரக் கால்வாய்ப் பணிகளில் ஈடுபட்டிருந்த லியோனார்டோ டா வின்சியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இவ்வமைப்பின் சிறப்பு, நீர் அழுத்த அழுத்த இலைகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதில் இருக்கிறது. ஒரு பக்கம் 3.5 மீட்டரும் மறுபக்கம் 1.4 மீட்டரும் ஆழமாக நீர் நிற்கும்போது, ஏறத்தாழ 2.1 மீட்டர் அகலமுள்ள அக்கதவின் மீது ஏறக்குறைய 11 டன் எடைக்கு நிகரான விசை அழுந்துகிறது. ஆகவே தாழ்ப்பாளோ பூட்டோ இன்றியே அது அசையாமல் நிற்கும். வேறுபாடு வெறும் 5 சென்டிமீட்டராகக் குறைந்த பின்னும் 150 கிலோவுக்கு நிகரான விசை மிஞ்சியிருக்குமாதலால், கதவின் தலையில் நீட்டியிருக்கும் நெடிய மரத்துலாவில் முதுகைச் சாய்த்துத் தள்ளும் பயணி, இரு பக்க மட்டமும் சமமாகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இக்காத்திருப்பு பலரையும் பொறுமையிழக்கச் செய்வதற்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு. துளை வழியே பாயும் நீரின் வேகம் இரு பக்க மட்ட வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டினார். இதன்படி, 2 மீட்டர் வேறுபாட்டில் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் சீறிப் பாயும் நீர், மட்டங்கள் நெருங்க நெருங்கத் தளர்ந்துவிடுகிறது. தொட்டியின் முக்கால் பங்கு நிரம்புவதற்கு ஆன நேரமே எஞ்சிய கால் பங்கு நிரம்புவதற்கும் ஆகிறது. தொடக்கத்துச் சீற்றமும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. இறங்கும் படகின் பின்பகுதி, மேற்கதவின் அடியிலுள்ள கல் நிலைப்படியின் மேல் தங்கிவிட்டால், நீர் வடிய வடிய முன்பகுதி மட்டும் தாழ்ந்து படகு கவிழ்ந்துபோகும். நிலைப்படி நீளும் எல்லையைக் காட்டத் தொட்டிச் சுவரில் தீட்டப்பட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னதாகவே படகை நிறுத்த வேண்டும் என்பது புதியவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடங்களுள் ஒன்று.

ஒடுங்கிய நீர்ப்பூட்டு ஒன்றின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர், அகலம் 2.15 மீட்டர், மட்ட வேறுபாடு 2 மீட்டருக்குச் சற்று மேல் எனக் கொண்டால், ஒரு முறை திறந்து மூடுகையில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடும். படகு ஏறினாலும் இறங்கினாலும் நீர் இறங்கவே செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறி வரும் படகுக்காக ஒரு தொட்டி நீரையும், அது மறுபக்கம் இறங்குவதற்காக இன்னொரு தொட்டி நீரையும் உச்சித்தளம் இழப்பதால், முகட்டைக் கடக்கும் ஒவ்வொரு படகின் பேரிலும் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் பற்று எழுதப்படுகிறது. இதில் ஆர்க்கிமிடீஸ் விதி ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறது. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்குமாதலால், 15 டன் எடையுள்ள படகு கீழே இறங்குவதற்காக நிரம்பிய தொட்டிக்குள் நுழைகையில் 15,000 லிட்டர் நீரை மேல்தளத்துக்கே திருப்பித் தள்ளிவிடுகிறது; ஏறி வந்து வெளியேறும்போதோ தான் விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப மேல்தளத்திலிருந்து அதே அளவு நீரை இழுத்துக்கொள்கிறது. ஆகவே இறங்குவதற்கு 85,000 லிட்டரும் ஏறுவதற்கு 1,15,000 லிட்டரும் செலவாகின்றன. 25 டன் சரக்கை ஏற்றிய படகுகள் ஓடிய காலத்தில் இவ்வேறுபாடு இதனினும் பெரிதாக இருந்தது. மேட்டுச் சுரங்கத்திலிருந்து நிலக்கரியை நிறைத்து இறங்கி வெறுமையாக ஏறும் வழி, அதற்கு எதிர்த்திசையில் சுமை செல்லும் வழியைவிடக் கால்வாய்க்குச் சிக்கனமானது.

தொட்டியின் அகலத்தை இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும் என்னும் இந்த எளிய பெருக்கல், ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளரின் முடிவில் பெரும்பங்கு வகித்தது. பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் வொர்ஸ்லி நிலக்கரிச் சுரங்கங்களை மான்செஸ்டரோடு இணைக்க அவர் பணியாற்றிய கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அது ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடியதால் நீர்ப்பூட்டுச் சிக்கல் பெரிதாக எழவில்லை. 1766இல் தொடங்கிய டிரென்ட்–மெர்சி கால்வாயோ நாட்டின் நடுமேட்டைக் கடக்க வேண்டியிருந்தது. ஹேர்காசில் குன்றின் ஊடே 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்ட வேண்டிய சுரங்கத்தின் செலவும், உச்சியில் நீரைச் சேர்ப்பதன் செலவும் சேர்ந்தே, பூட்டுகளின் அகலம் 7 அடியாகக் குறுக்கப்பட்டதற்குக் காரணமாயின. பிரிண்ட்லி 1772இல் மறைந்தார். சுரங்கம் 1777இல் திறக்கப்பட்டது. குதிரை நடக்கப் பாதையில்லாத அதனுள் படகில் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினார்கள். இக்கால்வாயோடு சேரும் கிளைகளும் அதே அளவைப் பின்பற்றியாக வேண்டியிருந்ததால், ஒரு குன்றுக்காகச் செய்த சிக்கனம் நடு இங்கிலாந்து முழுவதற்கும் சட்டமாகிவிட்டது. பிற்காலத்தில் ரயில்பாதைகளோடு போட்டியிட வேண்டி வந்தபோது அந்த ஒடுக்கமே கால்வாய்களின் பலவீனமாயிற்று என்பதும் உண்மை. எனினும் 1760களின் நீர்க்கணக்கைக் கையில் வைத்திருந்தவர் வேறு முடிவுக்கு வந்திருக்க இயலாது.

பற்றுக்கு ஈடாக வரவு வேண்டும். டிரிங் உச்சிக்கு நீர் தருவதற்கென வில்ஸ்டன், மார்ஸ்வர்த், டிரிங்ஃபோர்டு, ஸ்டார்டாப்ஸெண்டு என்னும் நான்கு நீர்த்தேக்கங்கள் வெட்டப்பட்டன. இன்று பறவை நோக்குவோர் கூடும் இடங்களாக அறியப்படும் இவற்றில்தான், 1938இல், சிறிய பட்டாணி உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவை பிரித்தானியாவில் முதன்முறையாகக் கூடு கட்டியது கண்டறியப்பட்டது. வென்டோவர் ஊரின் ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவர வெட்டிய கிளைக்கால்வாயோ, சில்டர்ன் குன்றுகளின் துளைகள் நிறைந்த சுண்ணப்பாறையில் கசிந்து கசிந்து, ஊட்ட வந்ததே உச்சித்தளத்தின் நீரைக் குடிக்கும் நிலைக்கு வந்துசேர்ந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரில் டிரென்ட்–மெர்சி கால்வாய்க்காகத் தேக்கப்பட்ட ரட்யார்ட் ஏரிக்கு வேறொரு வகையில் பெயர் நிலைத்தது: அதன் கரையில் சந்தித்துப் பின்னர் மணந்துகொண்ட ஓர் இணையர், பம்பாயில் 1865இல் தங்களுக்குப் பிறந்த மகனுக்கு அந்த ஏரியின் பெயரையே இட்டனர், அம்மகனே எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்.

ஏரி அமைக்க இடம் வாய்க்காத உச்சிகளுக்கு நீரை இறைத்தே ஏற்ற வேண்டியிருந்தது. இதற்கு வளையத்தை விட்டுத் தென்மேற்கே, 1810இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கென்னட்–ஏவன் கால்வாயைப் பார்க்க வேண்டும். அதன் உச்சிக்கருகிலுள்ள கிராஃப்டனில், போல்டன்–வாட் நிறுவனத்தின் 1812ஆம் ஆண்டு நீராவி எந்திரம் ஒன்று, ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றிவந்தது. அன்றாட வேலையை மின்விசை எக்கிகள் எடுத்துக்கொண்ட பின்னும், காட்சி நாட்களில் கொதிகலனைப் பற்றவைத்தால் அது இன்றும் தன் பழைய வேலையையே செய்கிறது. அதே கால்வாயில் பாத் நகருக்கு அருகே, கிளாவர்ட்டனில், பொறியாளர் ஜான் ரென்னி 1813இல் அமைத்த எக்கி இன்னும் நுட்பமானது. ஏவன் ஆற்றின் நீரோட்டம் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் அதே ஆற்றின் நீரில் ஒரு சிறு பகுதியை ஏறத்தாழ 14 மீட்டர் மேலே கால்வாய்க்குத் தள்ளுகிறது. எரிபொருள் செலவே இல்லாத இவ்வேற்பாட்டை, கால்வாய்க் காலத்தின் மிகச் சிறந்த சிந்தனை என்று சொன்னாலும் தவறில்லை.

சேர்த்த நீரை எங்கே வைத்துக்கொள்வது என்னும் கேள்விக்கு, தளத்தின் பரப்பே பாதி விடையாகிறது. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் உச்சித்தளம், ஒரே உயரக்கோட்டை விடாமல் பின்பற்றுவதற்காகக் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து, பூட்டு ஏதுமின்றி 11 மைல், அதாவது ஏறத்தாழ 17.7 கிலோமீட்டர் ஓடுகிறது. வார்ம்லெய்டன் அருகே ஒரு மேட்டைச் சுற்றும் பயணி, கடந்துவந்த இடத்தையே வயலுக்கு அப்பால் மீண்டும் காண நேர்ந்து, வழி தவறியதாக ஐயுறுவதும் உண்டு. தூரத்தைப் பொறுத்தவரை வீணாகத் தோன்றும் இவ்வளைவுகள் நீரைப் பொறுத்தவரை சேமிப்பாகின்றன: சுமார் 9 மீட்டர் அகலமெனக் கொண்டால், இத்தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் குறைவது ஏறத்தாழ 16 தொட்டி நீருக்குச் சமம். மாறாக, அடுத்தடுத்த இரண்டு பூட்டுகளுக்கு இடையே 100 மீட்டர் நீளமே கொண்ட குட்டித் தளத்தில், ஒரே ஒரு தொட்டி நீரை எடுத்தாலே மட்டம் 11 சென்டிமீட்டர் இறங்கிவிடும். கவனமில்லாத குழு ஒன்று மூன்று நான்கு முறை நீரை வடித்தால் அங்கே படகுகள் தரைதட்டும். டெவைசஸ் நகருக்கு அருகே 29 பூட்டுகள் 72 மீட்டர் ஏறும் கேன் ஹில் சரிவில், வரிசையாக நிற்கும் பூட்டுகளின் பக்கவாட்டில் அகன்ற குளங்கள் வெட்டப்பட்டிருப்பது, நீளத்தில் கிடைக்காத பரப்பை அகலத்தில் பெறுவதற்காகவே. அங்கே 1996இல் நிறுவிய எக்கிகள் நாளொன்றுக்கு 3 கோடி லிட்டருக்கு மேல் நீரை அடியிலிருந்து உச்சிக்குத் திருப்பி ஏற்றவல்லவை.

தோற்றத்தில் கேன் ஹில்லின் பக்கக் குளங்களை ஒத்தும் நோக்கத்தில் வேறுபட்டும் இருப்பது சேமிப்புக் குளம். வடியும் நீரின் மேற்பகுதியைப் பக்கத்திலுள்ள குளத்தில் பிடித்துவைத்து, அடுத்த முறை தொட்டியின் அடிப்பகுதியை நிரப்ப அதையே பயன்படுத்தினால், மேல்தளத்திலிருந்து எடுக்க வேண்டியது குறையும். தொட்டிக்குச் சமமான பரப்புள்ள ஒரு குளம் மூன்றில் ஒரு பங்கு நீரையும், வெவ்வேறு உயரங்களில் அமைத்த இரண்டு குளங்கள் பாதி நீரையும் மிச்சப்படுத்தும் என்பது எளிய விகிதக் கணக்கு. செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. இறங்கிச் சென்ற படகு தொட்டியை வெறுமையாக விட்டுச் செல்வதால், ஏறுபவர் உடனே அதனுள் நுழைந்தால் ஒரே தொட்டி நீர் இருவர்க்கும் உதவும்; ஆகவே எதிரே படகு வருவது தெரிந்தால் பூட்டைத் தம் வசதிக்குத் திருப்பாமல் காத்திருப்பது கால்வாய் நாகரிகமாகக் கருதப்படுகிறது. கிராண்ட் யூனியனின் 14 அடிப் பூட்டுகளில் இரண்டு படகுகள் தோளோடு தோள் சேர்ந்து நுழைவதும் இக்கணக்கை முன்னிட்டே.

படகே ஓடாத நாளிலும் பற்று நிற்பதில்லை. மண்ணில் வெட்டிய வாய்க்கால் நீரைத் தாங்குவதற்காக, களிமண்ணை நீரோடு குழைத்து மிதித்து, காற்றிடைவெளி இல்லாத அடுக்குகளாகக் கால்வாயின் அடியிலும் கரையிலும் பூசினார்கள். சில இடங்களில் மாட்டு மந்தைகளை ஓட்டி மிதிக்கவைத்தார்கள். ஈரமாக இருக்கும் வரை நீர்புகாத இப்பூச்சு, காய்ந்தால் வெடித்துவிடும். ஆகையால் வறட்சியில் கால்வாயை முழுக்க வடியவிட்டுப் பின்னர் நிரப்பலாம் என்னும் எண்ணம் பழுதுபார்ப்பில் கொண்டுபோய் நிறுத்தும். கோடை நாளொன்றில் 3 மில்லிமீட்டர் ஆவியானால், 10 மீட்டர் அகலக் கால்வாய் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 30,000 லிட்டரை வானுக்குக் கொடுக்கிறது.

வேகத்துக்கான காரணமும் இந்த ஒடுங்கிய வாய்க்காலிலேயே இருக்கிறது. நீருக்கடியில் படகின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றேகால் சதுர மீட்டர் அளவினது. கால்வாயினுடையது 9 அல்லது 10 சதுர மீட்டர். படகு முன்னேறும்போது அது விலக்கும் நீர், பக்கவாட்டு இடைவெளிகளின் வழியே பின்னோக்கிப் பாய்ந்தாக வேண்டும். பாயும் நீரின் அழுத்தம் குறைவதால் படகைச் சுற்றி மட்டம் தாழ, படகும் கூடவே தாழ்கிறது. நடைவேகத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டராக இருக்கும் இத்தாழ்வு, கால்வாய் சட்டென ஒடுங்கும் பாலத்தடியில் 10 சென்டிமீட்டரையும் தாண்டும். அங்கே எந்திரத்தை முடுக்குபவர், படகின் பின்பகுதி அடித்தரையை நோக்கி அமிழ்வதையும், கரையை அரிக்கும் அலை பின்னால் எழுவதையும் காண்பாரே தவிர, வேகம் கூடுவதைக் காணமாட்டார். இவ்வரம்பை மீறும் வழியும் 19ஆம் நூற்றாண்டில் தெரிந்திருந்தது. ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் இலேசான பயணிப் படகுகளைக் குதிரைகள் திடீரென இழுத்து அந்த அலையின் மீதே ஏற்றி ஓட்டின. அங்கே, எடின்பரோ அருகிலுள்ள யூனியன் கால்வாயில், 1834இல், நின்றுவிட்ட படகு ஒன்றிலிருந்து பிரிந்து மணிக்கு எட்டொன்பது மைல் வேகத்தில் வடிவம் குலையாமல் ஓடிய தனியொரு அலையைப் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸல் குதிரையில் விரட்டிச் சென்று கவனித்தார். 1895இல் கணித அறிஞர்கள் கோர்டவேக்கும் த வ்ரீஸும் அதற்குச் சமன்பாடு தந்தனர். 1965இல் 'சாலிட்டான்' என்று பெயர் பெற்ற அக்கருத்து, இன்று கண்ணாடி இழைகளில் செல்லும் ஒளித்துடிப்புகளை ஆராய்வோர்க்கும் பயன்படுகிறது.

வளையத்தின் தேம்ஸ் பகுதிக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. லெச்லேடிலிருந்து டெடிங்டன் வரை 44 பூட்டுகளும், ஒவ்வொன்றின் அருகே நீரைத் தேக்கி மிகுதியைக் கலிங்கு வழியே கழிக்கும் தடுப்பணைகளும் உள்ள இவ்வாற்றில், பூட்டுக்குச் செலவாகும் நீரைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் கவலைப்படுவதில்லை. மிகுதியே இங்கு அச்சம். நீரோட்டம் வலுக்கும் காலத்தில் பூட்டுகளில் எச்சரிக்கைப் பலகைகள் ஏற்றப்படும். தட்டையான அடியும் சிறிய எந்திரமும் கொண்ட நேரோபோட் அப்போது கரையில் கட்டுண்டு கிடப்பதே நல்லது. டெடிங்டனுக்குக் கீழே கடலின் ஏற்றவற்றம் ஆட்சி செய்வதால், பிரென்ட்ஃபோர்டுக்கும் டெடிங்டனுக்கும் இடையிலான சிறிய தொலைவை ஓத நேரம் பார்த்தே கடக்க முடியும். ஆறு தணிந்து ஓடும் கோடையே இங்கு படகுக்கு உகந்த பருவம்.

கால்வாய்க்கோ அதே கோடைதான் நெருக்கடி. இந்த வலையமைப்பு ஆண்டு முழுவதும் சரக்குச் செல்வதற்காக அமைந்தது. நிலக்கரிக்குத் தேவை மிகுந்த குளிர்காலத்தில் ஏரிகளும் நிறைந்திருந்தன. அன்றைய எதிரி பனிக்கட்டி: 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்தது, நலிந்துகொண்டிருந்த நெடுந்தொலைவுச் சரக்குப் போக்குவரத்தைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. அதற்கு முன்பே எழுத்தாளர் எல். டி. சி. ரோல்ட் 1944இல் வெளியிட்ட பயணநூலும், அவரும் ராபர்ட் ஐக்மனும் சேர்ந்து 1946இல் தொடங்கிய உள்நாட்டு நீர்வழிச் சங்கமும், கால்வாய்களை உல்லாசப் பயணத்துக்காகக் காப்பாற்றும் இயக்கத்துக்கு வித்திட்டிருந்தன. அவ்வியக்கம் வென்றதன் விளைவாக, படகுகள் குவியும் காலம் பள்ளி விடுமுறை மாதங்களாக மாறியது; அதாவது, வரவு மிகக் குறையும் பருவத்துக்கே பற்று முழுவதும் நகர்ந்துவிட்டது. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பராமரித்துவரும் கால்வாய்–ஆறு அறக்கட்டளை, வறண்ட ஆண்டுகளில் உச்சிக்கருகிலுள்ள பூட்டுகளை மாலையிலேயே பூட்டியும், நீர் மேலும் குறைந்தால் வழியையே மூடியும் ஏரிகளைக் காக்கிறது. 204 கிலோமீட்டர் நீளமுள்ள லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் ஒரு நெடும்பகுதி 2010 ஆகஸ்டில் இவ்வாறு மூடப்பட்டது. 2025இலோ, இளவேனிலிலேயே மழை பொய்த்ததால், அதே கால்வாயின் நெடும்பகுதியை மே மாதத் தொடக்கத்திலேயே, கோடைப் பயணங்கள் தொடங்குமுன், மூட வேண்டியதாயிற்று.